பொந்தியானில் ஒரு படகு நடந்தது

"ஏட்டி, செத்த மரத்துக்கு வைத்தியம் பாக்கதுக்கும் ஒரு படிப்பு இருக்கா? அதுக்கு ஏரோப்பிளேன்ல வேற கூட்டிட்டுப் போவாகளா?"

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் என் சித்தப்பா கேட்டது இது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய எங்கள் ஊரில், வயதான படகு ஒன்று அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் ஆடு கட்டும் கொட்டகைக்குக் கூரையாகும். பழைய மரப் பொருட்களைக் கெடாமல் காப்பாற்றுவதற்கென்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும் நான்தான். அந்த விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்து பெரிதாக விழுந்து கட்டத்தைத் தாண்டிவிட்டது. அலுவலர் மறுபடி போடச் சொன்னார். இரண்டாவதும் பெரிதாகத்தான் விழுந்தது.

பொந்தியான் என்பது மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், தென்மேற்குக் கரையில் இருக்கும் ஒரு ஊர். அங்கே புதிதாக ஒரு சிறிய கடல்சார் அருங்காட்சியகம் கட்டியிருந்தார்கள். அதற்குள் வைக்கவேண்டிய முக்கியமான பொருள் ஒரு பழைய மர உயிர்காப்புப் படகு. உடைப்பதற்கு விற்ற ஒரு கப்பலிலிருந்து எப்போதோ அந்த ஊருக்கு வந்ததாம். ஆற்று முகத்தில் மீன்பிடிப் படகு கவிழ்ந்தால், அந்தக் காலத்தில் ஊரார் முதலில் ஓடிப்போய் இறக்கியது இதைத்தான். படகின் உடல்நிலையைப் பார்த்து யோசனை சொல்ல ஒருவர் வேண்டும் என்று சென்னையில் நான் வேலை செய்யும் பழம்பொருள் பராமரிப்புக் கூடத்துக்குக் கேட்டு எழுதினார்கள். போகவேண்டியவர் என் மேலதிகாரி. அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை.

"நீயே போயிட்டு வாம்மா. பாரு, போட்டோ எடு, அறிக்கை எழுது. வேற எதையும் இழுத்துப் போட்டுக்காதே" என்றார். நான் இழுத்துப் போட்டுக்கொள்பவள் என்று அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை ஜோகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்தில் என் கருவிப் பெட்டியைத் தொலைத்தேன். தொலைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. பெட்டி சரியான வண்டியில்தான் ஏறியது என்று கடைசி வரை நம்பினேன். மேடையில் நின்ற பேருந்தின் வயிற்றில் பெட்டியை வைத்துவிட்டு, ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்தேன். உயரத் தூக்கி ஆற்றி ஆற்றி நுரை கட்டிய டீ. அந்தச் சுகத்தில் வந்தவளுக்கு அதே மேடையில், அதே நிறத்தில் நின்ற பேருந்து வேறு பேருந்து என்று தெரியவில்லை. பொந்தியானில் இறங்கி வயிற்றைத் திறந்தால் ஒரு சாக்கு வெங்காயமும் ஒரு சைக்கிளும் இருந்தன.

அப்போது கைப்பேசி அடித்தது. பெட்டியின் மேல் என் எண்ணை எழுதி வைத்திருந்தேன்.

"அக்கா, நான் லாபிஸ்லேர்ந்து பேசுறேன். உங்க பெட்டி இங்க வந்துருச்சு. பயப்படாதீங்க, ரொம்ப சௌக்கியமா இருக்கு. நாளன்னிக்கு எங்க மாமா டுரியான் லோரி அந்தப் பக்கம் வருது, ஏத்தி விட்டுர்றேன். சாப்டீங்களா?"

முகம் தெரியாத ஒருவர் தொலைந்த பெட்டிக்கு நலம் சொல்லி, எனக்குச் சாப்பாடும் விசாரிக்கிறார். எங்கள் ஊர்ப் பேருந்தில் பெட்டியை விட்டிருந்தால் இந்நேரம் அதன் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

என்னைக் கூட்டிப்போக வந்தவர் மங்களா அக்கா. அருங்காட்சியகத்தில் எழுத்தர் வேலை, ஓட்டுநர் வேலை, மொழிபெயர்ப்பு வேலை எல்லாம் அவருக்குத்தான். தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவர் சிரித்தால் கார் கண்ணாடி அதிரும். வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்து, "அலமாக்! டாக்டர் வந்துட்டாங்க, ஊசி மருந்துலாம் லாபிஸ் போயிருச்சா?" என்றார். அந்த நேரத்திலிருந்து அந்த ஊரில் என் பெயர் டாக்டர். நான் மறுக்கவே இல்லை.

இரவு ஜோகூர் லக்சா வாங்கிக் கொடுத்தார். அடர்த்தியான மீன் குழம்பு, பச்சை இலைகள், அதற்கு அடியில் என்ன நூடுல்ஸ் என்று பார்த்தால் இத்தாலிக்காரர்களின் ஸ்பகெட்டி. அதைக் கையால் சாப்பிடுகிறார்கள். மீன் குழம்பைக் கையால் சாப்பிடுவதில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். ஸ்பகெட்டி முழங்கை வரை வழிந்தது. பக்கத்து மேசைக் குழந்தை தன் அம்மாவிடம் என்னைக் காட்டி, "இந்த ஆன்ட்டிக்குச் சாப்பிடத் தெரியலை" என்று மலாயில் சொன்னதாக மங்களா அக்கா மகிழ்ச்சியோடு மொழிபெயர்த்தார்.

வியாழக்கிழமை படகைப் பார்த்தேன்.

மீன் சந்தைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே நின்றது. வெள்ளைச் சாயத்துக்கு மேல் வெள்ளைச் சாயம், வருடாவருடம் ஊரார் ஆசையாகப் பூசிப் பூசி, அப்பம் போல உப்பியிருந்தது. இரண்டு முனைகளும் கூர்மை. எந்தப் பக்கமும் துடுப்புப் போட்டுப் போகலாம். சுற்றிலும் பக்கவாட்டில் கயிறு வளைவு வளைவாகத் தொங்கியது. தண்ணீரில் கிடப்பவர் பிடித்துக்கொள்வதற்கு. அந்தக் கயிற்றைத் தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே சிரிப்பும் வந்தது, ஏனென்றால் ஒரு பூனை உள்ளேயிருந்து எழுந்து என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"எங்க மாமனார் இதுலதான் உசுரோட திரும்பி வந்தாரு" என்றார் மங்களா அக்கா. "வந்ததுக்கு அப்புறந்தான் என் வீட்டுக்காரரு பொறந்தாரு. அதனால எனக்கு இந்தப் படகு மேல கொஞ்சம் கோவமும் இருக்கு லா."

என் கருவிகள் லாபிஸில் இருந்ததால் சந்தையில் சாத்தே குச்சிகள் ஒரு கட்டு வாங்கினோம். கறித் துண்டுகளைக் கோக்கும் மூங்கில் குச்சிகள். மரத்தில் குத்திப் பார்த்தால் எங்கே உறுதி, எங்கே மெத்து என்று கை சொல்லிவிடும். பலகைகள் தேக்கு, குச்சிதான் உடைந்தது. நான் ஆனந்தமாக ஒவ்வொரு பலகையிலும் குச்சியை உடைத்துக்கொண்டே போனேன். நடுப்பகுதிக்கு வந்தபோது ஆனந்தம் நின்றது. விளிம்பிலிருந்தே உள்ளே எட்டிக் குத்தியதில், விலா எலும்பு போல வளைந்திருக்கும் சட்டங்களில் நாலைந்தில் குச்சி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அதைவிட மோசம் முதுகு. பல வருடம் நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்ததால் இரு முனைகளும் தொங்கி, சோம்பல் முறிக்கும் பூனைபோல் நடுமுதுகு மேலே தூக்கியிருந்தது.

அருங்காட்சியகத்தின் தலைவி ரொஹானி அம்மா குடையோடு வந்தார். மெல்லிய குரல், கெட்டியான முடிவுகள். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அருங்காட்சியகக் கூடத்தின் முன்சுவர் ஞாயிறு வரைதான் திறந்திருக்கும். திங்கள் காலை கண்ணாடி பொருத்த ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் படகு உள்ளே போய்விட்டால் நல்லது. போகாவிட்டால் ஃபைபரில் செய்த நகல் ஒன்று ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறது, அது துண்டு துண்டாக வாசல் வழியே வந்துவிடும். சனிக்கிழமை கிரேன் வருகிறது. "நீங்கள் சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும்."

"நகல் வந்தால் இந்தப் படகு?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "எனக்கு!"

ஆ செங். கடலோரத்தில் பெரிய சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முதலாளி. ஊரே அவரைத் தௌக்கே என்றுதான் கூப்பிடுகிறது. அரைக் கால்சட்டையும் அகலமான சிரிப்பும். கடை வாசலில் படகை வைத்து, உள்ளே முழுக்க ஐஸ் நிரப்பி, மேலே இறாலும் நண்டும் பரப்பப் போகிறாராம். விளக்குப் போடுவாராம். கைப்பேசியில் படமே வரைந்து வைத்திருந்ததை என்னிடம் காட்டினார்.

"மனுசன ஏத்துன படகுல மீனப் படுக்க வைப்பீங்களா?" என்று மங்களா அக்கா மலாயில் சண்டைக்குப் போனார்.

"மீனும் கடல்லேர்ந்து காப்பாத்திக் கொண்டு வந்ததுதானே" என்றார் தௌக்கே. மனுஷன் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை.

நான் ரொஹானி அம்மாவிடம் சொன்னேன். கிரேன் இரண்டே வார்ப்பட்டைகளில் படகைத் தூக்கும். மொத்த எடையும் இரண்டே இடத்தில் விழும். உளுத்த சட்டங்களும் வளைந்த முதுகும் அதைத் தாங்காது; படகு காற்றிலேயே இரண்டாகும். ஆகவே கிரேன் கூடாது.

"சரி. வேறு எப்படி?"

தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடம். "நாளை சொல்கிறேன்" என்றேன். இவ்வளவு நிமிர்ந்து நின்று இவ்வளவு வெறுமையான பதிலை நான் சொன்னதே இல்லை. மாலையில் சென்னைக்குப் பேசினேன். கிரேன் தூக்கட்டும், உடைந்தால் உடையும் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர் என்றார் மேலதிகாரி. கிரேனைத் தடுத்தவள் நான். இப்போது படகு ஐஸ் பெட்டியானால் அதற்கும் நான்தான் காரணம்.

வெள்ளிக்கிழமை காலை டுரியான் லாரி வந்தது. பெட்டியைத் திறந்ததும் மங்களா அக்கா இரண்டடி பின்னால் போனார். என் தூரிகைகள், கத்திகள், பருத்திக் கையுறைகள் எல்லாம் டுரியான் மணத்தன. அந்த மணம் இதை எழுதும்போதும் போகவில்லை. லாபிஸ்காரர் பெட்டிக்குள் பழமும் ஒன்று வைத்து அனுப்பியிருந்தார். முதல் சுளையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன், இரண்டாவதை மூக்கை விட்டுவிட்டுத் தின்றேன், மூன்றாவதற்கு அக்காவோடு போட்டி.

அக்காவின் கணவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். ஜோகூரில் முன்பு வெள்ளியும் சனியும் வார விடுமுறை. இப்போது சனி, ஞாயிறு. "சட்டம் மாறிருச்சு, இவரு உடம்பு மாறல" என்று அக்கா போர்வையை இழுத்தார். அவர் பதறி எழுந்து தொழிற்சாலைக்கு ஓடினார்.

மதியம் மக்சிக் ஸைத்தோன் வீட்டில் சாப்பாடு. மக்சிக் என்றால் அத்தை மாதிரி. ஊருக்கே அவர் மக்சிக். கம்பம் என்று இவர்கள் சொல்லும் ஆற்றோரக் கிராமத்தில், கட்டைக் கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு. மீனை வாழையிலையில் சுருட்டிச் சுட்டிருந்தார். எங்கள் ஊரில் நெத்திலியை மிளகாய் அரைத்துப் புரட்டிப் பொரிப்போம். இங்கே அதே நெத்திலி சீனி போட்ட சம்பலில் இனித்தது. முதலில் மீனுக்குத் துரோகம் என்று நினைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

சுவரில் ஒரு பழைய படம். இதே வீடு, இதே நீல ஜன்னல்கள். ஆனால் படத்தில் வீட்டுக்குப் பின்னால் ஆறு இருந்தது. இங்கே ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்கள்தான்.

"ஆறு எங்கே போயிற்று?" என்று கேட்டேன்.

மக்சிக் சிரித்துச் சிரித்துச் சொன்னதை அக்கா மொழிபெயர்த்தார். "ஆறு அங்கயேதான் இருக்கு, வீடுதான் வந்துச்சு. கரை அரிச்சுதுன்னு ஊர்க்காரங்க எல்லாம் சேந்து தூக்கிட்டு வந்து இங்க வச்சாங்களாம். மக்சிக் அப்ப உள்ளதான் இருந்தாங்களாம். அடுப்புல கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சாம்."

கையிலிருந்த மீன் துண்டு அப்படியே நின்றது. வீட்டை அடியோடு தூக்கியிருக்கிறார்கள். கீழே மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தோள். ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு இங்கே கோத்தோங் ரோயோங் என்று பெயர். இரண்டு இடத்தில் விழும் எடையை நூறு இடத்துக்குப் பிரித்தால்? எந்த ஓர் இடத்திலும் ஒரு மனுஷன் தோள் தாங்கும் எடைக்கு மேல் விழாது. உளுத்த சட்டமும் அதைத் தாங்கும்.

நான் கையைக்கூடக் கழுவவில்லை. "அக்கா, படகைத் தூக்கலாம்! வீட்டைத் தூக்கினது மாதிரியே தூக்கலாம்!"

அக்கா மொழிபெயர்க்கவே இல்லை. மக்சிக் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, சமையலறைக்குப் போய் இன்னும் நிறைய சோறு வைத்தார்.

ரொஹானி அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குடையின் கைப்பிடியைத் திருகினார். "உடைந்தால்?" என்றார். "நூறு பேர் கண்முன்னால் உடையும். என் பெயரும் போகும், உங்கள் பெயரும் போகும்."

"என் பெயரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் கிரேனுக்குப் பேசி வேண்டாம் என்றார்.

மாலைக்குள் ஊருக்குச் செய்தி போயிற்று. பள்ளிவாசலிலிருந்து, மாரியம்மன் கோயில் வெள்ளிக்கிழமைப் பூசையிலிருந்து, சீனர்களின் காப்பிக் கடையிலிருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக மங்களா அக்காவின் வாட்ஸாப்பிலிருந்து. யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை முழுக்கப் படகுக்குத் தொட்டில் செய்தோம். படகின் வயிற்று வளைவுக்கு அட்டை வெட்டி, அதே வளைவில் பலகை அறுத்து, நீள மரங்களின் மேல் வரிசையாக நிறுத்தினோம். படகு எங்கேயும் அழுந்தாமல் இருக்க நடுவில் மெத்தை வேண்டும். ஒரு மலிவு விடுதி தூக்கி எறியவிருந்த மெத்தைகளை அக்கா மிரட்டி வாங்கிவந்தார். ரோஜாப் பூப் போட்ட மெத்தைகள். பல இடங்களில் முட்டுக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக நெம்பி, அவற்றின் மேல் படகை உட்காரவைத்தபோது கல்யாணக் கட்டில் மாதிரி இருந்தது. அடியில் குறுக்கே மூங்கில்கள், மூங்கிலுக்கு மூங்கில் கயிற்றுக் கட்டு.

எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறக்கூடாது. தாண்டக்கூடாது, தண்ணீரில் இறங்கப் போகும் படகைத் தொடக்கூடாது. படித்தவள் நான், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் ஏறும்போது என் வலது கால் ஒரு நொடி காற்றிலேயே நின்றது. அதற்குள் மக்சிக் கைலியைப்போல் சுற்றியிருந்த சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் பூனையை விரட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே முன்முனையிலிருந்து பின்முனைக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டினேன். நடு இருக்கைக்கும் நூலுக்கும் ஒரு விரல் இடைவெளி. முனைகள் இன்னும் தொங்கினால் நூல் இறங்கி இருக்கையைத் தொடும். தொட்டு அப்படியே நின்றுவிட்டால் முதுகு போனதாக அர்த்தம். அதை எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் காட்டினேன். தௌக்கேகூட விரலை விட்டுப் பார்த்தார். "எனக்கு விரல் தடிமன், அதுக்கே இடம் இருக்கு" என்று கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போகும்போது சந்தைச் சந்து நிரம்பியிருந்தது. நூறு பேர் எதிர்பார்த்தேன். அதற்கு மேலேயே வந்திருந்தார்கள். கம்பத்து ஆட்கள், சந்தைச் சீனர்கள், சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வார விடுமுறைக்கு வந்த இளைஞர்கள், வடக்கே இருக்கும் பத்து பாகாட் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையத் தையல் தொழிற்சாலைப் பெண்கள். தௌக்கே தன் சமையல்காரர்களோடு ஓரமாக ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தூக்க வரவில்லை, உடைந்தால் உடனே எடுத்துப்போக வந்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

கோயில் பையன்கள் உருமி மேளத்தோடு வந்திருந்தார்கள். தலைவன் குமரன், கதவளவு அகலமான ஆள். "டாக்டர் அக்கா, வெறுமனே எப்படித் தூக்குறது? நாங்க அடிக்கிறோம், நீங்க பாருங்க, பறந்துரும்!" எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

"சாத்து, டுவா, தீகா!"

மூன்று என்ற சொல்லோடு படகு எழுந்தது. நான் ஊளையிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். ரோஜாப் பூ மெத்தை மேல் வெள்ளைப் படகு, தோள்களுக்கு மேல், வெயிலில்! பூனை கூரையில் உட்கார்ந்து பார்த்தது.

உருமி தொடங்கியது. அங்கேதான் வந்தது வினை.

முன்பக்கம் தூக்கியவர்கள் கோயில் பையன்கள். வருடாவருடம் சாமியைத் தோளில் சுமந்து பழகியவர்கள். உருமி உறுமியதும் அவர்கள் தோள் தானாக ஆடத் தொடங்கிவிட்டது. வலப்பக்கம் ஒரு சாய்ப்பு, இடப்பக்கம் ஒரு சாய்ப்பு, நடுவில் ஒரு குலுக்கல். சாமிக்கு அது அழகு. படகின் முன்பாதி கூத்தாட, மலாய்க்காரர்கள் தூக்கிய பின்பாதி ஒன்றும் புரியாமல் நேராகப் போனது. ஒரு துணியை இரு பக்கமும் பிடித்து முறுக்குவதுபோல் படகு முறுகியது. நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன். நூல் இருக்கையைத் தொட்டது.

"நிறுத்துங்க! ஆடாதீங்க!"

உருமிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எங்கோ 'சடார்' என்று ஒன்று முறிந்தது. மங்களா அக்கா பாய்ந்து குமரன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினார்.

உருமி நின்றது. முறிந்தது படகு இல்லை, ஒரு குறுக்கு மூங்கில். அந்த மூங்கிலின் கீழிருந்தவர்களின் எடை பக்கத்துத் தோள்களில் ஏறியது. முகங்கள் சிவந்தன. கீழே இறக்கவும் முடியாது; பாலத்துக்கு நடுவில் நின்றிருந்தோம். அப்போது யாரோ ஐஸ் காப்பிக் கோப்பையைக் கீழே போட்டார்கள். தௌக்கேதான். சமையல்காரர்களை அதட்டிக்கொண்டு ஓடிவந்து, முறிந்த இடத்தில் புது மூங்கிலைச் செருகித் தோளைக் கொடுத்தார்.

"என்ன பாக்குற? ரெண்டு துண்டாப் போனா ஐஸ் நிக்காதுல்ல!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

மேளம் இல்லாமல் நடந்து பார்த்தோம். ஆளுக்கு ஒரு அடி. கால் காலை மிதித்தது, படகு தடக் தடக் என்று குதித்தது. நிறுத்தினேன்.

குமரன் வேர்த்துப்போய் நின்றான். "அக்கா, உருமி இல்லாம இவனுங்களுக்கு நடக்க வராது. உருமி கேட்டா ஆடாம இருக்க வராது. நான் என்ன பண்ணட்டும்?"

தோள்கள் நடுங்க ஆரம்பித்தன. தாளம் வேண்டும், ஆட்டம் வரக்கூடாது. "யாரும் ஆடாமல் நடக்கும் ஊர்வலம் உங்களிடம் எது?" என்று கத்தினேன். அக்கா அதை மலாயில் கத்தினார்.

பதிலுக்கு 'தம்' என்று ஒரு சத்தம். மக்சிக்கும் அவருடைய பெண்கள் குழுவும் கொம்பாங் எடுத்துவந்திருந்தார்கள். ஆட்டுத்தோல் போர்த்திய வட்டமான கைப்பறை. மலாய்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையை அழைத்துவர அடிப்பது. மாப்பிள்ளையைக் குலுக்கவும் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. தலைப்பாகை நழுவாமல் மணப்பெண் வாசல் வரை கொண்டுபோக வேண்டும். தம், தம், தக்கத் தம். அடிக்கு ஒரு அடி.

படகு நகர்ந்தது. கோயில் பையன்கள் பழக்கத்தில் தோளைச் சாய்க்கப் பார்த்தார்கள்; அந்தத் தாளத்துக்கு ஆட்டம் வரவே இல்லை. அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குமரன் உருமியைக் கழற்றிப் பாலத்தின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் தானும் ஒரு மூங்கிலுக்குக் கீழே நுழைந்தான். தையல் தொழிற்சாலைப் பெண்கள் மாப்பிள்ளைக்குக் கேலிப் பாட்டுக் கட்டினார்கள்: இவ்வளவு குண்டான மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை, இவ்வளவு கிழட்டு மாப்பிள்ளையையும் பார்த்ததில்லை. ரொஹானி அம்மா குடையை மடித்து வைத்துவிட்டு முன்னால் நடந்து கார்களை நிறுத்தினார். காருக்குள் இருந்தவர்கள் இறங்கிவந்து தோள் மாற்றினார்கள். நான் முன்னால் ஓடினேன், பின்னால் ஓடினேன், பள்ளம் பள்ளம் என்று மூன்று மொழியில் கத்தினேன். அதில் எந்த மொழியிலும் சொல் சரியில்லை என்று அக்கா சொல்கிறார்.

திறந்திருந்த முன்சுவர் வழியாகப் படகு கூடத்துக்குள் போனது. அங்கே முன்பே நிறுத்தி வைத்திருந்த தாங்கிகளில், முனையிலிருந்து முனைக்குச் சமமாக, மெல்ல மெல்ல இறக்கினார்கள். கொம்பாங் நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

ஏணி வைத்து ஏறினேன். இந்த முறை கால் காற்றில் நிற்கவில்லை. நூலுக்கும் இருக்கைக்கும் நடுவில் சுட்டு விரலை விட்டேன்.

போனது. அந்தப் பக்கம் நகம் தெரிந்தது.

விரலைத் தூக்கிக் காட்டினேன். அந்தக் கூடத்துக்குக் கண்ணாடி முன்பே போட்டிருந்தால் அன்றைக்கு எழுந்த சத்தத்தில் உடைந்திருக்கும். மங்களா அக்கா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாதபடி கணவரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். தௌக்கே தோளைத் தேய்த்துக்கொண்டே வந்து ஒருமுறை படகைச் சுற்றிப் பார்த்தார். "சரி, நான் ஐஸ் பெட்டி வாங்கிக்கறேன்" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் முழுவதையும் தன் கடைக்கு அழைத்தார். நண்டு உடைக்கும் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. படத்தை மேலதிகாரிக்கு அனுப்பினேன். "அறிக்கை எப்போது?" என்று பதில் வந்தது.

நண்டுக்கு நடுவில்தான் தையல் தொழிற்சாலைப் பெண்களில் ஒருத்தி, சரோஜா, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? இதே மாதிரி படகு ஒண்ணு எங்க பெரியம்மா வீட்ல இருக்கு. ரெண்டு பக்கமும் கூரா, இதே மாதிரி கயிறு தொங்குற வளையம்லாம் இருக்கு. பத்து பாகாட்ல, ஆத்தோரமா. கவுத்துப் போட்டு கோழிக்கூடா வச்சிருக்காங்க. அதுக்கு மதிப்பு ஏதும் இருக்கா?"

நான் நண்டைக் கீழே வைத்தேன்.

திங்கள் காலை கண்ணாடி பொருத்துபவர்கள் வந்தார்கள். கூடத்தின் குளிர்சாதனத்தை ஒரு மாதத்துக்குப் போடக்கூடாது, மரம் மெதுவாகத்தான் பழக வேண்டும் என்று ரொஹானி அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து பாகாட் பேருந்தில் ஏறினேன். பெட்டியை இந்த முறை மடியிலேயே வைத்துக்கொண்டேன். டுரியான் மணம் தாங்காமல் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனார்.

சரோஜாவின் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் மண்டி போட்டு, கவிழ்ந்த படகுக்குள் தலையை நுழைத்தேன். இருட்டு, இறகு, கோபமான பெட்டைகள். பலகைகள் தேக்கு. சாத்தே குச்சி உடைந்தது. ஒவ்வொரு சட்டத்திலும் உடைந்தது, ஒன்றுகூட உளுத்திருக்கவில்லை. கோழி எச்சத்துக்குள் கையை ஊன்றிக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் ஒரு சேவல் வெளியே ஓடியது.

"எடுத்துட்டுப் போ மா, எனக்கு என்ன?" என்றார் பெரியம்மா. "ஆனா என் கோழிங்க எங்க படுக்கும்?"

இதை அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைத்தெருவிலிருந்து பலகையும் வலைக் கம்பியும் வாங்கி வந்தாயிற்று. புதுக் கூட்டுக்கு நான்கு மூலைக் கால்களையும் ஊன்றிவிட்டேன், கதவுக்குக் கீல் அடித்துவிட்டேன். பாதிக் கோழிகள் இப்போதே உள்ளே போய்விட்டன.